ட்ரிப்ஸ் போட்டா சரியாகிற மயக்கம்

வானூர் பக்கம் டாக்டரா இருந்தா இது பழகிடும். ஏப்ரல், மே வெயில்ல மரக்காணம் உப்பளத்துல இருந்து மயக்கம்னு கூட்டிட்டு வருவாங்க. ரெண்டு பாட்டில் ட்ரிப்ஸ், ஓஆர்எஸ் பாக்கெட், அனுப்பிடுவோம். 38 வயசு அண்ணன் ஒருத்தரை நானே ரெண்டு தடவை அப்படி அனுப்பியிருக்கேன்.

மூணாவது தடவை அவர் மனைவி சொன்னாங்க: "பாத்தியில நின்னு உப்பு வாரும்போது நெஞ்சு அடைக்குதாம் சார். குத்த வச்சு உக்காந்தா சரியாயிடுதாம்."

அப்பதான் ஸ்டெத்தை ஒழுங்கா வச்சேன். இதயத்துல மர்மர் சத்தம். நிக்க வச்சா கூடுது, குத்த வச்சா குறையுது.

எக்கோவுல தெரிஞ்சது: ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி. சுமார் 500 பேர்ல ஒருத்தருக்கு இருக்கிற நோய்தான். இதயத்தின் நடுச்சுவர் தடிச்சு, ரத்தம் வெளியேறும் வாசலை மறைக்குது. உடம்புல தண்ணி குறைஞ்சா இடது கீழறை சரியா நிரம்பாது, அடைப்பு இன்னும் கூடும். ட்ரிப்ஸ் ஏறினா அறை நிரம்பும், அடைப்பு தளரும். என் வைத்தியம் பலிச்சதாலதான் நான் ஏமாந்தேன்.

(நெஞ்சுவலின்னு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை இந்த நோய்ல அடைப்பைக் கூட்டிடும். நீங்களா வைக்காதீங்க.)

மாத்திரைகளுக்குக் கேட்கல. அடுத்தது மையெக்டமி: இதயத்தைத் திறந்து, அந்தச் சுவர்ல சில கிராம் சதையைச் செதுக்கி எடுக்கிறது. 1960கள்லயே அமெரிக்காவுல ஆண்ட்ரூ மாரோ செஞ்சு காட்டினது.

அந்த அக்கா கேட்டது ஒண்ணுதான். "பண்ணினா எத்தனை வருஷம் இருப்பாரு?"

2005ல மேயோ கிளினிக் டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். ஆபரேஷன் செஞ்சவங்கள்ல 10 வருஷம் கழிச்சு 83 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. அடைப்போடவே இருந்தவங்கள்ல 61. ஆபரேஷன் செஞ்சவங்க கணக்கு பொதுவான ஊர்மக்கள் ஆயுளுக்குச் சமம். சீட்டுக் குலுக்கிப் பிரிச்ச ஆய்வு இல்லை, அதனால முழுப் பெருமையும் கத்திக்குத் தர முடியாது. இதை அடிக்கடி செய்யற கைகள்லதான் இந்தக் கணக்கு செல்லும், அதையும் சொன்னேன்.

ஆபரேஷன் முடிஞ்சு நாலு வருஷம். மயக்கம் இல்லை. ஆனா அடைப்புதான் போச்சு, நோய் போகல. துடிப்பு தாறுமாறா போக வாய்ப்பு இருக்கு. வருஷா வருஷம் எக்கோ, ஹோல்டர் பார்க்கணும். பல குடும்பங்கள்ல இது மரபணு வழியா வர்றதால கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்களையும் பார்க்கணும்.

போன மாசம் 11 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தார். எக்கோ நார்மல். அடுத்த வருஷம் மறுபடி வரச் சொல்லியிருக்கேன்.

தம்பியும் அதே உப்பளம்தான். கூப்பிட்டா வரமாட்டேங்கிறாராம். மே மாசம் மயங்கி விழுந்தாராம், ட்ரிப்ஸ் போட்டதும் சரியாயிடுச்சாம்.