லாமிங்டன் சாலையில் இரண்டு சனிக்கிழமைகள்

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கு வாயிலால் வெளியே வந்து, பழக்கடைகளையும் கைவண்டிகளையும் கடந்து சில நிமிடம் நடந்தால் லாமிங்டன் சாலை வந்துவிடும். ரயில்வேக்காரன் ஆதலால் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1864-இல் குஜராத்திலிருந்து வந்த பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயின் பாதை, பம்பாயில் முதலில் வந்து முடிந்த இடம் இந்தக் கிராண்ட் ரோடுதான். இன்றோ, பத்தோடு பதினொன்றாக ஓர் உள்ளூர் நிலையம். பயணிகளில் பலர் அண்ணாந்து பெயர்ப்பலகையைக்கூடப் பார்ப்பதில்லை.

சாலைக்குப் பெயர் தந்த லாமிங்டன் பிரபு 1903 முதல் 1907 வரை பம்பாய் மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். பலகைகளில் இப்போது டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று எழுதியிருக்கிறது. ஆயினும் டாக்ஸிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அவர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு காலத்தில் இது சினிமாச் சாலை. 1975-இல் வெளியான ‘ஷோலே’ இங்கிருந்த மினர்வா அரங்கில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிற்று. அரங்குகளின் நிழலில் வானொலிச் சாமான் விற்ற கடைகள் பின்னர் டெலிவிஷனுக்கும், அதன்பின் கம்ப்யூட்டருக்கும் மாறிக்கொண்டன. மும்பையில் கம்ப்யூட்டரின் உறுப்பு எது வேண்டுமானாலும், “லாமிங்டன் ரோட்டில் பார்த்தாயா?” என்பதே முதற்கேள்வி.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் இந்தச் சாலையில் நான் அலைய நேர்ந்தது. காரணம் என் மகனுடைய விளையாட்டு. விளையாட்டுக்கு இத்தனை பாடா என்று நகைக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2019-இல் பழையதாகவே வாங்கியது. இன்டெல் நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட ஐ5 வகைப் பிராசஸர், 4 ஜி.பி. ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. என்னும் சிறு கிராஃபிக்ஸ் கார்டு. பன்னிரண்டு வயதான என் மகன் அதில் ஆடுவது மைன்கிராஃப்ட். கனசதுரக் கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மலை, வீடு, ஊர் என்று விரும்பியதைக் கட்டும் ஆட்டம் அது. ஞாயிறுதோறும் மாலையில், கோவில்பட்டியிலிருக்கும் என் அண்ணன் மகன் அங்கிருந்தபடியே இணையத்தின் வழியாக எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்ந்துகொள்வான். இருவரும் ஓராண்டாகக் கட்டிவந்தது எங்கள் பூர்விக வீட்டை.

அந்த வீட்டைத் தகப்பனார் காலமான பின்பு 2021-இல் விற்றுவிட்டோம். பத்திரத்தில் என் கையெழுத்தும் உண்டு. பையன்கள் அதைத் திண்ணையிலிருந்து தொடங்கிப் பட்டாசாலை, அடுப்படி, புறவாசல் என்று ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருந்தனர். இன்னொன்றும் உண்டு. எங்களிடம் பாதி இந்தியில் மறுமொழி சொல்லும் பையன், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமர்ந்துவிட்டால், “ஏலே, அந்தத் தூணைக் கொஞ்சம் தள்ளி வையிலே” என்று கரிசல்காட்டுத் தமிழில் பொழியத் தொடங்கிவிடுவான். நம் சங்கத்தின் தமிழ் வகுப்பைக் குறைகூறுவதாக எவரும் கொள்ளலாகாது. அங்கே அவன் எழுதக் கற்றான். பேசக் கற்றது இந்தத் திண்ணையில்தான்.

நிற்க. ஜூன் மாதத்திலிருந்து ஆட்டம் திணறலாயிற்று. நாலடி நடந்தால் பத்து விநாடி நின்றுவிடும். உலகம் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தமையால் இங்கே நின்றால் கோவில்பட்டியிலும் நிற்கும். “சித்தப்பா, மும்பை வண்டி லேட்டு” என்று அண்ணன் மகன் கேலி செய்தான். பின்னர்க் கேலியும் நின்றது. இரண்டு ஞாயிறு அவன் வரவேயில்லை.

என்னால் ஒதுக்க முடிந்தது ரூ. 6,000. அதற்கு மேல் செலவிட்டால் பொங்கலுக்கு ஊருக்குப் போவது நின்றுவிடும். ரயில் பாஸ் உண்டு என்பது உண்மை. ஆனால் வெறுங்கையோடு ஊரில் இறங்க முடியுமா?

முதற் சனிக்கிழமை நான் செய்தது முழு மடமை. மதர்போர்டின் பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளாமல், “கேமுக்கு ரேம் வேண்டும்” என்று கேட்டு, ரூ. 1,400 கொடுத்து 8 ஜி.பி. ரேம் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் கேபினெட்டைத் திறந்து செருகினால் பொருந்தவில்லை. கடையில் தந்தது டி.டி.ஆர்.4, எங்கள் மதர்போர்டு ஏற்பது டி.டி.ஆர்.3. இரண்டும் ஒரே நீளந்தான். ஆனால் அடியிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். தவறு விற்றவருடையதன்று, கேட்டவனுடையது.

அன்றே மற்றொரு கடையில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டையும் பார்த்து மயங்கியிருந்தேன். ஆர்.எக்ஸ். 580, 8 ஜி.பி., பழையது. ரூ. 6,500 என்று தொடங்கி, நான் வாயைத் திறக்குமுன்பே ரூ. 5,800-க்கு இறங்கி வந்தார் கடைக்காரர். கையில் பணம் குறைவாக இருந்தமையால் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி வந்தேன். அந்தக் குறைவுக்கு இன்றும் நன்றி செலுத்துகிறேன்.

இரண்டாம் சனிக்கிழமை கேபினெட்டையே பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, மேலே மழைக்குப் பிளாஸ்டிக் தாளும் போர்த்தி, மகனையும் அழைத்துக்கொண்டு காலையிலேயே சென்றேன். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமையும் நண்பகலுக்கு மேல் நடைபாதையில் தோள் இடிபடாமல் நடக்க இயலாது. காலை வேளையில்தான் அந்தச் சாலையைப் பார்க்க வேண்டும். நீலத் தார்ப்பாய்களிலிருந்து மழைநீர் வடிகிறது. அடியிலே கேபிள் சுருள்கள், ரிமோட்டுகள், கண்காணிப்புக் கேமராக்கள், சால்டரிங் இரும்புகள், காய்கறிபோல் கூறு கட்டிய கெபாசிட்டர்கள். “லேப்டாப்பா? பிரிண்டரா?” என்று முழங்கையைத் தொட்டுக் கேட்கும் இளைஞர்கள். இவர்களைக் கடந்து, இருண்ட மரப்படிகளில் ஏறினால் வேறோர் உலகம். புறாக்கூண்டு போன்ற அறைகளில் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, இறந்துபோன மதர்போர்டுகளுக்கு உயிர் கொடுக்கும் மனிதர்கள். கீழே விற்பவர்கள், மேலே அறிந்தவர்கள். புதிதாகச் செல்வோர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தால் நலம்.

இரண்டாம் மாடியில் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் பட்டறை வைத்திருப்பதாக அலுவலக நண்பர் சொல்லியிருந்தார். வானொலிக் காலத்திலிருந்தே பழுது பார்ப்பவர். ஆர்.எக்ஸ். கார்டு வாங்கப் போகிறேன் என்றதும் அவர் எழுந்துகூட வரவில்லை.

“தம்பி, வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே இன்ஜினை மாற்றுவீர்களோ? பெட்டியை இப்படி வையுங்கள். ஐயா, நீ வந்து ஆட்டத்தைப் போடு” என்று மகனை அழைத்து அமர்த்தினார்.

ஆட்டம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். பிராசஸரின் உழைப்பு பாதியைக்கூட எட்டவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு ஏறக்குறையச் சும்மா இருந்தது. ரேம் 94 விழுக்காடு. ஹார்ட் டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றது நின்றபடி. மைன்கிராஃப்டின் ஜாவாப் பதிப்பு அப்போது தனக்கென 2 ஜி.பி. ரேமைக் கேட்டுப் பெற்றது. எஞ்சிய 2 ஜி.பி.யில் விண்டோஸ் முழுவதும் அடங்க வேண்டும், அடங்காது. அடங்காததை ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஆட்டமோ, நாம் நடக்க நடக்கப் பதினாறுக்குப் பதினாறு கட்டி கொண்ட சதுரங்களாக நிலத்தை அதே டிஸ்கிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும். குட்ஸ் ஷெட்டில் இடமின்றிச் சரக்கைத் தொலைவிலுள்ள யார்டில் இறக்கி, ஒவ்வொரு மூட்டைக்கும் ஆளனுப்பினால் எப்படியோ அப்படி. எனக்கு இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லியிருக்க முடியாது. ரூ. 5,800-க்கு அந்தக் கார்டை மாட்டியிருந்தால், சும்மா இருந்த இடத்தில் இன்னும் பெரிதாக ஒன்று சும்மா இருந்திருக்கும்.

மாட்டியிருக்கவும் முடியாது. எங்கள் பழைய கார்டுக்கு 60 வாட் போதும். அதை மதர்போர்டிலிருந்தே பெற்றுக்கொள்ளும். ஆர்.எக்ஸ். 580-க்கு 185 வாட் வேண்டும்; தனிக் கேபிளும் வேண்டும். அது எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லை. புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மேலும் இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு ஆகும். அன்றியும், 2022 செப்டம்பரில் ஈதீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதுவரை அதைத் தோண்டுவதற்காக இரவுபகல் ஓடிய கார்டுகள் பழஞ்சரக்குச் சந்தையில் வந்து குவிந்தன. அவற்றுள் நல்லனவும் உண்டு. எது நல்லது என்பது அட்டைப்பெட்டியைப் பார்த்தால் தெரியாது.

பின்னர் அண்ணாச்சி ஹார்ட் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருளை ஓட்டினார். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. பழுதுபட்ட பகுதிகள் பெருகிவந்தன.

“இது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று நான் சொல்ல முடியாது, தம்பி. சாமான் வாங்குவது அப்புறம். முதலில் பையனுடைய வீட்டை வெளியே எடுத்து வையுங்கள்.”

மகன் என்னைப் பார்த்தான். ஓராண்டு உழைப்புக்கு வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அண்ணாச்சி தம் டிஸ்கை இணைத்துப் படியெடுக்கத் தொடங்கினார். பாதியில் ஒரு கோப்பில் நின்றது. டிஸ்கினுள்ளே கடகடவென்று ஒலி கேட்டது. மறுபடியும் முயன்றார், மீண்டும் நின்றது. மூன்றாம் முறை, படிக்க இயலாத துண்டுகளை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொணரும் மென்பொருளால் ஒருவாறு முடித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வளவு நேரமும் பையன் மிக்சர் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருந்தான், பிரிக்கவில்லை.

பிறகு கீழே இறங்கி வாங்கியவை: 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, மூன்றாண்டு உத்தரவாதத்தோடு, ரூ. 1,650. பில் வேண்டாமென்றால் சற்றுக் குறைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். பில் இல்லாமல் உத்தரவாதத்தை யாரிடம் கேட்பது? பில்லோடே வாங்கினேன். பழைய டி.டி.ஆர்.3 ரேம், எட்டு எட்டாக இரண்டு, ரூ. 1,800. ஒரு வாரத்துக்குள் குறை தெரிந்தால் மாற்றித்தருவதாகப் பேச்சு. ஆகவே அன்றிரவே மெம்டெஸ்ட் ஓட்டிவிடுமாறு அண்ணாச்சி சொல்லியிருந்தார். கேபிள், பேஸ்ட், பட்டன் பேட்டரி மூன்றுக்கும் ரூ. 260. நான் தவறாக வாங்கிய ரேமை அந்தக் கடைக்காரர் ரூ. 300 குறைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார். எங்கள் பழைய 4 ஜி.பி. ரேம் ரூ. 200-க்குப் போயிற்று. அண்ணாச்சிக்கு ரூ. 300, அதற்கு மேல் கொடுக்கப் போனால் கையைத் தள்ளிவிட்டார். ஆக, ரூ. 4,110. எஞ்சியது ரூ. 1,890. அந்த ஆண்டின் இறுதியில் உலகெங்கும் ரேமின் விலை ஏறிவிட்டது. செயற்கை அறிவுக்கான பெருங்கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதே காரணம் என்கிறார்கள். ஆகையால் நான் கொடுத்த விலையைச் சொல்லிப் பேரம் பேச முற்படுவோர் ஏமாறக்கூடும்.

விண்டோஸைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் பிராசஸர் நான்காம் தலைமுறை; விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. விண்டோஸ் 10-க்கு இயல்பாக வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிந்துகொண்டேன். அது 2026 அக்டோபர் வரை. அதன்பின் லினக்ஸ் என்று முடிவு செய்தாயிற்று. மைன்கிராஃப்டின் ஜாவாப் பதிப்பு அதிலும் ஓடும், காசும் வேண்டியதில்லை.

எழுந்து நிற்க நான்கு நிமிடம் எடுத்த கம்ப்யூட்டர் அரை நிமிடத்துக்குள் எழுந்தது. ஞாயிறு மாலை அண்ணன் மகனும் வந்தான். திணறல் இல்லை. திண்ணை இருந்தது, பட்டாசாலை இருந்தது. புறவாசலைத் திறந்து வெளியே சென்றபோது, அங்கே கிணறும் வேப்பமரமும் இருந்த இடத்தில் இரண்டு சதுரம் வெறும் புல்லாக இருந்தது. படிக்க முடியாமற்போன துண்டுகள் அவைதாம். இல்லாத நிலத்தை ஆட்டம் ஆதியில் இருந்தபடியே மறுபடி படைத்துவிடுமாம். வீடு கட்டுமுன் இருந்த நிலம்.

மகன் ஒன்றும் பேசவில்லை. மறுமுனையில் அண்ணன் மகன்தான், “அந்தக் கிணறு எடம் தப்புலே. ஆச்சி அப்பவே சொன்னா” என்றான். உடனே கோவில்பட்டியில் போனை ஆச்சியிடம் கொடுத்தார்கள். புறவாசல் படியிலிருந்து கிணற்றுக்கு எத்தனை எட்டு என்று என் தாயார் கண்ணை மூடிக்கொண்டு எண்ணியிருக்க வேண்டும். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, பதினோரு எட்டு, வலப்பக்கமாகத் துவைகல், அதற்கு அந்தண்டை வேம்பு என்றார். எந்தப் பக்கம் நிழல் விழும் என்றும் சொன்னார். என்னிடம் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திராது.

பொங்கலுக்கு ஊருக்குச் சென்றபோது, அந்த ரூ. 1,890-இல் ஒரு பகுதிக்குத் தாயாருக்குச் சேலை வாங்கிக்கொண்டு போனேன். உலகத்தின் பிரதி ஒன்று பென் டிரைவில் மகனுடைய சட்டைப்பையில் வந்தது.