எக்ஸ் கிரேஷியா கேட்காதீர்கள்

மலேசியாவின் பேராக்கில் ரப்பர் செழித்த காலத்தில் தோட்டத்து ஆங்கிலம் கிராணியின் பேனாவில் இருந்தது. அவர் எழுதிய கடிதங்களில் இந்த மாதம் 'இன்ஸ்டன்ட்', போன மாதம் 'அல்டிமோ'. சுங்கை சிப்புட்டில் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் வந்த அதே 1948இல், பிரிட்டிஷ் அரசு அலுவலர்களுக்கு எளிய ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க எர்னஸ்ட் கவர்ஸ் 'ப்ளெயின் வேர்ட்ஸ்' எழுதினார். துரையின் ஊரிலேயே மவுசு குறைந்த அந்த நடையை நம்மவர்கள் இன்னும் விடவில்லை.

ஈப்போவில் மனு எழுதிக்கொடுக்கும் நான் பலவற்றைக் கண்டுகொள்வதில்லை. 'ப்ளீஸ் ரிவர்ட்' என்றால் பதில் போடுங்கள் என்று இங்கே யாருக்கும் புரியும். கடிதம் மெல்பர்னுக்குப் போகிறதென்றால் மட்டும் 'ரிப்ளை' ஆக்குவேன். 'டூ த நீட்ஃபுல்' கண்ணில் பட்டால் அடித்துவிடுவேன். ஆகவேண்டியது என்னவென்று எழுதுகிறவருக்கே தெரியாதபோதுதான் அது வந்து உட்காருகிறது.

பயமெல்லாம் சட்டச் சொற்களிடம்தான். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பல இடங்களில் அதையும் அழித்து வீடமைப்புத் திட்டம் வந்தது. வேலை போனவர்களின் மனுக்களில் 'எக்ஸ் கிரேஷியா' தரும்படி கெஞ்சியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மரியாதையாக ஒலிக்கிறதே என்று யாரோ சேர்த்திருப்பார்கள். தரவேண்டிய கடமை இல்லை, மனமிரங்கித் தருகிறேன் என்பதல்லவா அதன் பொருள்! 1980ஆம் ஆண்டின் பணிநிறுத்தச் சலுகை விதிமுறைகளுக்குள் வருகிறவர் ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ உழைத்திருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் அவருக்குச் சேரவேண்டியது. பதினெட்டு வருஷம் பால் வெட்டியவருக்கு 360 நாள் சம்பளம். அதை அவரே பிச்சையாக்கி எழுதலாமா? 'டெர்மினேஷன் பெனிஃபிட்ஸ் டியூ' என்று எழுதி, விதிமுறையின் பெயரையும் போடுகிறேன்.

'வித்தவுட் பிரெஜுடிஸ்' இன்னொன்று. சமரசப் பேச்சில் சொன்னதை நீதிமன்றத்தில் நமக்கெதிராகத் திருப்பாமலிருக்க வைக்கும் காப்பு அது. பாக்கிச் சம்பளம் கேட்கும் கடிதத்தின் தலையில் அதற்கு என்ன வேலை? நாளைக்கு அந்தக் கடிதத்தையே சான்றாக நீட்டும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார்.

"இங்கிலீஷ் ரொம்ப லேசா இருக்கே சார், ஒரு 'ஹம்ப்ளி'யாவது போடுங்க" என்பார்கள். 'டியர் சார்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று முடிக்கிறோமே, அந்தப் பணிவு போதும் என்பேன். நடுவில் வேலைக்குச் சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளம், கேட்கும் தொகை.