அத்திவாரம்

வாழ்க்கையை வீட்டுக்கு ஒப்பிடுதல் புதியதொன்றன்று. எனினும், அவ்வொப்புமையை எனக்கு முதலில் உணர்த்தியவர் மேசன் தொழில் செய்த என் அப்பப்பா ஆவார். மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நாவலடி மணற்றிட்டிலே எங்கள் வீடு இருந்தது. அதனை அவர் தாமே கட்டினார். மணலை ஆழ வெட்டிக் கருங்கல் அடுக்கி அவர் இட்ட அத்திவாரத்தைக் கண்டு, காசை மண்ணுக்குள் புதைக்கிறார் என அயலவர் நகைத்தனராம்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது நான்கு வயது. அப்பப்பாவும் பெற்றோரும் நானும் நகரிலே ஆலயத்தில் இருந்தோம். எங்களுக்கு மதிய உணவு சமைப்பதற்காக அப்பம்மா வீட்டிலே நின்றுவிட்டார். கடல் அவரைக் கொண்டு சென்றது. சுவரும் கூரையும் போயின. அத்திவாரம் மட்டும் மணலிலே கீறிய கோடுகள் போலக் கிடந்தது என்று அப்பா கூறுவார்.

மலைப்பிரசங்கத்தின் இறுதியிலே கிறிஸ்து கூறும் இரு வீடுகளின் உவமையைப் பலரும் அறிவர். பாறைமீது எழுந்த வீடு புயலைத் தாங்கியது. மணல்மீது எழுந்தது அழிந்தது. ஞாயிறு பாடசாலையில் இதனைக் கேட்டபோதெல்லாம் என் மனம் ஒரு கணக்கைப் போட்டது. கிறிஸ்துவை நம்புவோரின் வீடு விழாது என்பதே அக்கணக்கு. அவ்வாறாயின் அப்பப்பாவின் வீடு ஏன் விழுந்தது? இதனை நான் எவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நம்பிக்கையும் விழுந்துவிடும் என அஞ்சினேன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதலாண்டிலே அவ்வினாவை வேறொருவன் எழுப்பினான். விடுதியில் என்னோடு ஒரே அறையில் வாழும் அவன் மெய்யியல் பயில்பவன், சைவன், பிறர் சமயத்தை ஏளனஞ் செய்து அறியாதவன். "2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, உங்கள் ஊர்ச் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்ததே. மாண்டவர்களுள் எத்தனை சிறுவர்கள்! அவர்கள் பாறைமீது நிற்கவில்லையா?" என்று கேட்டான். அன்று காலை நானும் அதே நகரில் வேறோர் ஆலயத்தில் வழிபட்டுக்கொண்டிருந்தவன். அவனுக்கு என்னால் விடை கூற இயலவில்லை. அதன்பின் சில மாதங்கள் நான் ஆலயம் செல்லவில்லை. வீட்டாருக்கு அதனை மறைத்தேன்.

விடுமுறையில் ஊர் சென்றபோது அப்பப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அப்பம்மாவை இழந்த பின்னர் தாமும் மூன்று மாதங்கள் ஆலய வாசலைத் தாண்டவில்லை என்றார். பின் எவ்வாறு மீண்டீர்கள் என வினவினேன்.

"முதல்ல கோயிலுக்குப் போகல்ல மனே, வேலைக்குத்தான் போனன்" என்றார். வீடிழந்த நாவலடி மக்களுக்குத் திராய்மடுவில் வீடுகள் எழுந்தபோது, அங்கே அத்திவாரம் வெட்டச் சென்றிருக்கிறார். "அயலானுக்குச் செய் எண்டு அவர் சொன்னத்தச் செய்து பார்த்தன். வெட்ட வெட்டத்தான் அடியில கல்லு இருக்கிறது தெரிஞ்சிச்சு."

அன்றிரவு அவ்வுவமையை மீண்டும் படித்தேன். பிழை என் கணக்கிலேதான் இருந்தது. மழையும் வெள்ளமும் காற்றும் இரு வீடுகளையும் ஒரே விதமாகவே தாக்குகின்றன. எவருக்கும் அவற்றிலிருந்து விலக்களிப்பதாகக் கிறிஸ்து கூறவில்லை. அவர் சொல்லை இருவருமே கேட்கின்றனர். கேட்டதைச் செய்தவன் எவனோ அவனையே அவர் புத்தியுள்ளவன் என்கிறார். பாறையை அடையும்வரை அவன் ஆழ வெட்டினான் என்று லூக்கா மேலும் ஒரு குறிப்பைத் தருகிறார். பாலஸ்தீனத்தில் கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்றுப்படுகைகள் மாரியிலே வெள்ளம் பாயும் வழிகளாகிவிடும். கோடையிலே பார்ப்பவனுக்கு மணலும் உறுதியான நிலமாகவே தோன்றும். அவ்வேளை இரு வீடுகளுக்கும் வேறுபாடு காண்பது அரிது. எங்கள் கல்வீடு கடலுக்கு நிற்கவில்லை. ஆனால் எல்லாம் இழந்த ஒரு முதியவரை மீண்டும் மண்வெட்டி எடுக்கச் செய்த ஏதோவொன்று நின்றது.

கிறிஸ்துவையன்றி வேறு அத்திவாரம் இல்லை என்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கருத்து. அக்கிறிஸ்துவோ சிலுவையிலே மாண்டவர். தாம் கைவிடப்பட்டதாகக் கதறியவர். கட்டுவோர் ஆகாதென்று தள்ளிய கல்லுக்கு ஒப்பிடப்பட்டவர். துன்பத்தைக் கரையில் நின்று பார்த்திருக்கும் ஒருவரை என்னால் நம்ப முடிந்திராது. வெள்ளத்தின் அடியிலே கிடந்து எழுந்தவர் என்பதாலேயே அவர்மீது என் பாரத்தை வைக்கத் துணிகிறேன்.

இவற்றையெல்லாம் நண்பனிடம் கூறினேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்பரும் கல்லோடு பிணிக்கப்பட்டுக் கடலில் இடப்பட்ட பின்னர்தானே பாடினார்" என்றான். அவன் என் சமயத்தை ஏற்றுக்கொண்டான் என்பதன்று இதன் பொருள். என் வினாவை அவனும் தன் வினாவாக ஏற்றுக்கொண்டான் என்பதே.

என் ஐயங்கள் யாவும் தீர்ந்தன எனக் கூறமாட்டேன். சீயோனில் பிள்ளைகளை இழந்த ஒரு தாயின் முன்னே இக்கட்டுரையை வாசிக்க எனக்குத் துணிவில்லை. அவ்வினா அவ்வாறே இருக்கின்றது. ஆயினும், பாறை உண்டா இல்லையா என வாதிட்டுக்கொண்டு மேலே நிற்பதால் அதற்கு விடை கிடைக்காது என்பதை அறிந்துகொண்டேன். ஞாயிறுதோறும் மீண்டும் ஆலயம் செல்கிறேன். சனிக்கிழமைகளில் நண்பனும் நானும் ஹந்தானைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழும் கணிதமும் கற்பிக்கிறோம். கேட்ட சொற்களுள் ஒன்றையேனும் செய்து பார்க்கும் முயற்சி இது. அப்பப்பாவுக்குத் தட்டுப்பட்ட கல் எனக்கு இன்னும் முழுமையாகத் தட்டுப்படவில்லை; வெட்டிக்கொண்டிருக்கிறேன்.