வேட்டைக் கோலம்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் பழமொழி. அப்பழமொழியை மெய்யென்று நம்பி நான் ஒரு நாள் உயிரை இழக்கப் பார்த்தேன். அதனை ஈண்டு எழுதுவது பிறருக்குப் போதிப்பதற்கன்று. என்னை நானே விசாரித்துக்கொள்வதற்கே.

நான் கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. என் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். நானோ ஆங்கில வழியில் கற்று, விசிறியின் கீழ் அமர்ந்து, பிறர் வெட்டிய குலைகளை எண்ணிக் கணக்கெழுதுகிறவன். சென்ற ஆண்டு இளங்கன்றுகள் நட்ட பகுதியில் காட்டுப்பன்றிகள் புகுந்து குருத்துகளைத் தின்றழித்தன. துப்பாக்கி உரிமமும் வனவிலங்குத் துறையின் வேட்டை உரிமமும் பெற்ற நால்வரை அழைத்து, ஒரு ஞாயிறு காலை வேட்டை நடத்துவதென முடிவாயிற்று. புதரைக் கலைத்துச் செல்லும் வரிசையில் எனக்கும் ஓரிடம் கிடைத்தது. அதுவே என் முதல் வேட்டை. நெஞ்சம் துள்ளிற்று.

எதை உடுப்பது? ஆங்கிலம் கற்றவனுக்கு ஐயம் வந்தால் ஆங்கில நூலைத் தேடுவதே வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியா மலைகளில் நாய்களோடு ‘எல்க்’ வேட்டையாடிய சாமுவேல் பேக்கரை முன்னரே படித்திருந்தேன். அவர் ‘எல்க்’ என்றது நம் கடமானைத்தான். மிளா என்போமே, அதுவே. அமெரிக்க மேற்கு மலைகளின் ‘எல்க்’ வேறு. அது குளிர்நாட்டுப் பெருமான். அதனை வேட்டையாட முதன்முறை செல்வோர்க்கு அந்நாட்டார் வகுத்த பட்டியல்களை ஊன்றிப் படித்தேன். உடலை ஒட்டிக் கம்பளி உள்ளாடை. அதன்மேல் ஒன்று, அதன்மேல் மற்றொன்று. ஏறும்போது வியர்க்கும், நிற்கும்போது உறையும். ஆதலால் கழற்றவும் அணியவும் இயல வேண்டும். பருத்தி நனைந்தால் உடற்சூட்டைக் காக்காது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். கணுக்காலுக்கு மேல் எழும் தோற் சப்பாத்து வேண்டும். இலையும் நிழலும் எழுதிய புள்ளிச் சட்டை வேண்டும். இவை யாவும் அந்நாட்டிற்குப் பொருந்திய அறிவு, அதில் குற்றமில்லை. நண்பகலில் வியர்வை ஆறாய் ஓடும் சிலாங்கூரில் இருந்துகொண்டு அதனை வேதமாய்க் கொண்டவன் நான், குற்றம் என்னுடையதே.

கோலாலம்பூருக்குச் சென்றேன். கம்பளியை மட்டும் விடுத்து, மற்றவற்றையெல்லாம் வாங்கினேன். எண்ணூறு வெள்ளி போயிற்று. திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கித் துன் சம்பந்தன் சாலையில் நடந்தேன். ஒரு துணிக்கடைக் கண்ணாடியில் என் உருவம் தெரிந்தது. புதுத்தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்தேன். பழைய புகைப்படங்களில் நிற்கும் தொரையைப் போலவே இருந்தேன். அதில் எனக்கு வெட்கம் தோன்றவில்லை, வாசகரே, பெருமையே தோன்றிற்று.

ஞாயிறு புலர்ந்தது. முப்பதாண்டு உழைத்த எங்கள் தண்டல் முன்னரே வந்து நின்றார். வெளுத்த முழுக்கைச் சட்டை. காலுறைக்குள் செருகிய காற்சட்டை. காலில் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. நம் நாட்டார் வேடிக்கையாகக் ‘கம்போங் அடிடாஸ்’ என்பரே, அது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குலை வெட்டுவோர் அணியும் செம்மஞ்சள் மேலங்கி ஒன்றை எடுத்து நீட்டினார்.

“தம்பி, இதை மேலே போட்டுக்கொள்ளுங்கள்.”

“என் சட்டை போதுமே, தண்டலையா.”

“போதாது. பச்சைக்குள் பச்சையாய் நின்றால் பன்றிக்கும் தெரியாது, துப்பாக்கி பிடித்தவனுக்கும் தெரியாது.”

வாங்கி அணிந்தேன், மனம் கூசிற்று. அது கூலியாளின் அங்கியன்றோ! கிராணிக்கு அது தகுமோ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

புதருக்குள் நுழைந்து கால் நாழிகையாகவில்லை. வடிகாலைத் தாண்டினேன், என் புதுச் சப்பாத்து நீரை மொண்டுகொண்டது. தோல் ஊறிக் கல்லாய்க் கனத்தது. களிமண்ணில் வழுக்கி விழுந்தேன். எழுந்தபோது வரிசை கண்ணுக்கெட்டாமற் போய்விட்டது. நாய்கள் ஒரு பக்கம் குரைத்தன. குறுக்கே செல்லலாம் என்றெண்ணிப் பெரணிகளை விலக்கிக்கொண்டு வெளிப்பட்டேன். இருபது அடியில் ஒரு துப்பாக்கி என் மார்பை நோக்கி உயர்ந்திருந்தது. அசைவைக் கண்டு உயர்த்தியவர் நிறத்தைக் கண்டு தாழ்த்தினார். அவர் கை நடுங்கியதை நான் கண்டேன். இருவரும் பேசவில்லை.

அன்று மாலை சப்பாத்தைக் கழற்றி, அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஓர் உண்மை சுட்டது. நான் படித்த அமெரிக்கப் பட்டியல்களில் செம்மஞ்சள் அங்கியும் இருந்தது! கொலராடோ மாநிலத்தில் துப்பாக்கியால் எல்க் வேட்டையாடுவோர் ஐந்நூறு சதுர அங்குலமேனும் ஒளிரும் செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும் என்பது சட்டம். மானுக்குச் சிவப்பைப் பிரித்தறியும் கண்ணில்லை, மனிதனுக்கு உண்டு. அவ்வரியை நான் படித்தேன், படித்தும் கடந்தேன். தோட்டத்தில் அது யார் அணியும் நிறம் என்பது எனக்குத் தெரியுமாதலால் கடந்தேன்.

1941-ஆம் ஆண்டில் இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர் கேட்டவற்றுள் ஒன்று, தொரையும் கிராணியும் எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டிறங்க மாட்டோம் என்பது. அந்தோ! யாருக்காக அவர்கள் இறங்க நேர்ந்ததோ, அந்தக் கிராணியின் நாற்காலியில் இன்று அமர்ந்திருப்பவன் நான். சைக்கிள் வழக்கு ஒழிந்தது. அங்கியைக் கண்டு கூசும் மனம் ஒழிந்ததா?

மறுவாரம் கிள்ளானில் ஒரு சிறுகடையில் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து வாங்கினேன். விலை இருபது வெள்ளிகூட இல்லை. அடியில் முட்கள் போன்ற குமிழ்கள், களிமண்ணைக் கவ்வும். ஊறித் தடிக்கத் தோலுமில்லை, துணியுமில்லை. புகுந்த நீரைக் கவிழ்த்துக் கொட்டினால் போயிற்று. இன்று மலையோட்டம் ஓடுவோரும் இதனை விரும்புகின்றனர். இதன் மூலப்பொருளை வாளியில் சுமந்தவர் என் பாட்டனார். அவர் பேரன் இதனைக் காலில் மாட்டுவதற்கு முப்பத்தைந்து ஆண்டும், எண்ணூறு வெள்ளியும், ஒரு துப்பாக்கி முனையும் வேண்டியிருந்தன.

அடுத்த வேட்டைக்கு என் கோலம் இது: விரைவில் உலரும் மெல்லிய முழுக்கைச் சட்டை, அட்டை புகாதபடி நெருங்க நெய்த நீண்ட காலுறை, ரப்பர்ச் சப்பாத்து, ஒரு போத்தல் தண்ணீர், கழுத்தில் ஓர் ஊதல். எல்லாவற்றிற்கும் மேலே செம்மஞ்சள் அங்கி. அந்த அங்கியைத் தண்டலிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, உங்களுக்குச் சரியாகத்தான் இருக்கிறது” என்றார் அவர்.

அதை இப்போது அலுவலகத்தில், என் நாற்காலிக்குப் பின்னுள்ள ஆணியில், எல்லோரும் காண மாட்டியிருக்கிறேன்.