செஞ்சி மலையில் யார் வீட்டுச் செடி?

செஞ்சிக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "சீத்தாப்பழம் வந்துடுத்தா?" என்பதுதான். தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும் அவளுக்கு இரண்டாம்பட்சம். திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்தவள். சிறு வயதில் மலைப்பக்கத்திலிருந்து கூடை கூடையாக வந்து இறங்கிய பழத்தின் ருசி இன்னும் நாக்கிலேயே நிற்கிறதாம்.

ஆகவே புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா, என் எட்டு வயதுப் பெண், புளியோதரைப் பொட்டலம் சகிதம் கிளம்பினேன். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே, அதில் தமிழ்நாட்டுக்கு உரியது இது ஒன்றுதான். ஊரை நெருங்கும்போதே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளும் கண்ணில் படுகின்றன. ராட்சதக் குழந்தைகள் பாறைகளை அடுக்கி விளையாடிவிட்டு, அம்மா கூப்பிட்டதும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாற்போல் ஒரு தோற்றம்!

சரித்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாயக்கர்கள் ஆண்டார்கள், பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது, 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். வந்தவர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். ஆனால் வந்து, போகாமலே தங்கிவிட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது என் பெண்தான்.

மலையடிவாரத்தில் ஒரு புதரைக் கண்டு, "அம்மா, லால்பாக் யானை!" என்று கத்தினாள். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். யானையும் இல்லை, பூனையும் இல்லை. மஞ்சளும் ரோஜா நிறமுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்த உண்ணிச்செடிதான் நின்றது.

விஷயம் இதுதான். 2024 பிப்ரவரியில் பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. நிஜ யானை அளவில் அறுபது யானைகள்; தாய், குட்டி, தந்தம் நீண்ட கொம்பன் எல்லாம் உண்டு. அத்தனையும் உண்ணிச்செடிக் குச்சியால் ஆனவை. செய்தவர்கள் நம் நீலகிரிக் கூடலூர்ப் பக்கத்துப் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலான பழங்குடி மக்கள். குச்சியை வெந்நீரில் வேகவைத்துப் பட்டையை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து வளைத்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் அவர்கள் காட்டில் நடமாடும் ஒரு நிஜ யானையின் சாயலாம். இதே யானைக் கூட்டம் 2021-ல் லண்டன் பூங்காக்களிலும் 2024-ல் நியூயார்க்கிலும் நின்று வந்தது.

எதற்காக இந்த வேலை? உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூ அழகாக இருக்கிறதே என்று கல்கத்தா தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அது வேலி தாண்டிக் காடு முழுவதும் பரவி, யானை தின்னும் புல்லையும் நாட்டுச் செடியையும் அமுக்கிவிட்டது. யானையை விரட்டிய செடியாலேயே யானையைச் செய்து காட்டுவதென்றால், அந்த யோசனை யாருக்குத் தோன்றியதோ அவருக்குச் சர்க்கரை போடவேண்டும்.

பெரியம்மாவை யானைக்குளத்து மேட்டில் நிழலாகப் பார்த்து உட்கார்த்தி வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் ராஜகிரி ஏறினோம். சுமார் எண்ணூறு அடி. மேலே போகப் போகப் படி செங்குத்தாகிறது. குரங்குகள் பொட்டலத்தின் மேலேயே கண்ணாக இருக்கின்றன. உச்சிக்கு முன்னால் ஒரு பெரிய பிளவு, அதன் மேல் பாலம். அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோயிலும் காற்றும்தான். என் பெண்ணோ வழியெல்லாம் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். முள் உள்ளவற்றை நோட்டில் படமாக வரைந்துகொண்டாள். மதில் இடுக்கில் முளைத்த ஒரு ஆலங்கன்றுக்காக மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். நாட்டு மரம்தான், ஆனால் அதன் வேர் கோட்டையையே பிளந்துவிடுமே! பிடுங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

இறங்கி வந்ததும் பெரியம்மா முன்னால் இலைகளைக் கல்லில் பரப்பினாள். எங்கள் வீட்டுக் கண்காட்சி ஆரம்பமாயிற்று.

"இது விராலி. மாட்டுக்குக் கால் பிசகினா இதை வெச்சுக் கட்டுவா. இது வெட்பாலை. தேங்காயெண்ணெயில போட்டு வெயில்ல வெச்சா எண்ணெய் ஊதாவா மாறிடும். சொறி, படைக்குத் தடவலாம். இந்தப் படம் சதுரக்கள்ளி, நம்மூர்க் கள்ளி."

"இது என்ன பாட்டி?" ஒரு சிறிய, தடித்த இலை.

பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காயா மாதிரின்னா இருக்கு! காயாம்பூ வண்ணன்னு பெருமாளைச் சொல்றோமே, அந்தப் பூ. கொத்தா நீலமாப் பூக்கும். நான் பார்த்து அறுபது வருஷம் ஆச்சுடி."

பெருமாள் மலையுச்சியில் இருக்கிறார். அவருக்கு வண்ணம் கொடுத்த செடியோ பெயர் சொல்ல ஆளில்லாமல் நிற்கிறது. புதுச்சேரிப் பக்கத்துக் கோயில் காடுகளில் காயாவும் வீரையும் இன்னும் இருக்கின்றன. 1968-ல் தொடங்கிய ஆரோவில்லில், பொட்டலாய்க் கிடந்த செம்மண்ணில் முதலில் ஆஸ்திரேலிய வேலமரங்களை நிழலுக்கு வளர்த்து, பிறகு அந்த நிழலில் நாட்டு மரங்களை உண்டாக்கினார்கள். அந்நியச் செடியிடமும் வேலை வாங்கத் தெரிந்திருக்கிறது!

எதிர்ப்பக்கம் உண்ணி, சப்பாத்திக்கள்ளி, சீமைக் கருவேலம் மூன்றையும் வைத்தோம். சப்பாத்திக்கள்ளி, சாயம் தரும் பூச்சிக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சென்னையில் தோட்டம் போட்டு வளர்க்கப்பட்டது. கருவேலம் 1870-களில் விறகுக்காக வந்தது. சீத்தா இலையையும் அந்தப் பக்கமே வைத்தேன். அதுவும் அமெரிக்கச் செடி. போர்த்துக்கீசியர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். பெரியம்மாவுக்கு வந்ததே கோபம்! "சீதை சாப்பிட்ட பழம்டி அது! நன்னா வெச்சே!" என்று இலையை எடுத்து இந்தப் பக்கம் வைத்துவிட்டாள்.

திரும்பும் வழியில், கருவேல விறகைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்நியச் செடிகளை அகற்ற 2022-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வகுத்திருக்கிறது என்று என் ஞானத்தை அவிழ்த்துவிட்டேன். அவள் கட்டை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நல்லதுதாம்மா. நிலமெல்லாம் பாழாப் போச்சு. ஆனா எல்லாத்தையும் பிடுங்கிட்டா நான் எதை வித்து அரிசி வாங்கறது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கூடலூர்க்காரர்களுக்குக் குச்சி யானையாயிற்று, கூலியும் ஆயிற்று. செஞ்சியில் அதற்கு யார் வழி சொல்வார்கள்?

பஸ்ஸில் பெரியம்மா மடியில் சீத்தாப்பழப் பையுடன் கண்ணயர்ந்தாள். என் பெண் மட்டும் விடவில்லை.

"பாட்டி, கருவேலத்தால யானை செய்ய முடியாதா?"

"யானையாவது! அவ்வளவு முள்ளுக்கு முள்ளம்பன்றிதான் செய்யலாம்" என்றாள் பெரியம்மா, கண்ணைத் திறக்காமலே.