சோடா ரொட்டியும் மாசி வாசமும்

ஹைதராபாத்ல விருந்தாளி வந்தா யோசிக்கவே வேண்டாம். பிரியாணி, டபுள் கா மீட்டா, மறுநாள் சார்மினார், கோல்கொண்டா. பதினோரு வருஷமா இங்கே குப்பை கொட்டுறதுல எனக்கு மனப்பாடமான அட்டவணை. ஆனா போன மாசம் வந்தவங்க வேற மாதிரி. அயர்லாந்துல, கார்க் நகரத்துல நர்ஸா இருக்கற என் தங்கச்சி, அவளைக் கட்டின ஐரிஷ்காரர், அவரோட அம்மா.

கல்யாணம் நடந்தது ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு மார்ச் மாசம். நான் போகலை. "இயர் எண்டிங், லீவு கிடைக்கலை"ன்னு சொல்லிட்டேன். பேங்க்காரன் மார்ச்ல அப்படிச் சொன்னா யார் சந்தேகப்படுவா? உண்மையில் நான் லீவே கேட்கலை. என்கூட இருக்கற அம்மா, அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவாங்க. அவங்களை மீறிப் போக தைரியம் இல்லை. அதைத் தங்கச்சிகிட்ட சொல்லவும் தைரியம் இல்லை.

இப்ப வீடு தேடி வர்றாங்க. "பிரியாணி ஆர்டர் பண்ணிக்கலாம்"ன்னாங்க தங்கமணி. "பண்ணலாம், அதுக்கு முன்னாடி அவங்க ஊர்ப் பண்டம் ஒண்ணு, என் கையால"ன்னேன். ஒரு மாதிரி பார்த்துட்டு, சமையலறையை ஒப்படைச்சாங்க.

ஐரிஷ் சோடா ரொட்டி நமக்கு ரொம்ப தூரம் இல்லைங்க. அந்த ஊர்க் கோதுமை மென்மையானது, ஈஸ்ட் போட்டா சரியா எழும்பாது. 19ஆம் நூற்றாண்டுல சமையல் சோடா வந்ததும், வெண்ணெய் கடைஞ்ச மோரோட அதைச் சேர்த்தாங்க. மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயு கிளம்பும், ரொட்டி உப்பும். அவ்வளவுதான் ரகசியம்.

பி.காம். மூளைக்கு இது டெபிட், கிரெடிட் கணக்கு. புளிப்பும் சோடாவும் டேலி ஆகணும். முதல் தடவை சோடா ஜாஸ்தி. மீதி எல்லாம் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல நின்னு சோப்பு மாதிரி கசந்தது :-) ரெண்டாவது தடவை ஆட்டா 225 கிராம், மைதா 225 கிராம், சோடா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், புளிச்ச கெட்டி மோர் 400 மில்லி. சப்பாத்தி மாவு மாதிரி பிசையக் கூடாது, சும்மா சேர்த்து உருட்டணும். மேலே ஆழமா சிலுவைக் கீறல். அவன்ல 230 டிகிரியில 15 நிமிஷம், அப்புறம் 200ல அரை மணி. அடியில தட்டினா டொக்குன்னு வெத்துச் சத்தம் வரணும். வந்தது!

மீனுக்கு ராம்நகர் மார்க்கெட். நம்ம கானாங்கெளுத்தியை இங்கே கானகந்தலுன்னு சொல்றாங்க. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு இந்த மாதிரி ஒரு பேர் காதுல விழுந்தாலே சந்தோஷம். பிளந்து, ஒரு மணி நேரம் உப்புத் தண்ணியில போட்டு, துடைச்சு, ஃபேன் காத்துல உலர்த்தினேன். பழைய இரும்புச் சட்டியில ஃபாயில் விரிச்சு, அரிசி, டீத்தூள், வெல்லம், காய்ஞ்ச தேங்காய் நார். மேலே கம்பி வலையில மீன். மூடி ஓரத்தை தம் பிரியாணிக்கு ஒட்டற மாதிரி மாவால ஒட்டி, சின்னத் தீயில இருபது நிமிஷம்.

மூடியைத் திறந்ததும் வீடு பூரா புகை. உள் ரூம்ல இருந்து அம்மா குரல்: "ஏல, மாசி எதும் வாங்கிட்டு வந்தியால?"

தூத்துக்குடிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு: சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, வெயில்ல கட்டை மாதிரி காய வைச்சது மாசி. மினிக்காய், மாலத்தீவுல பேர் போனது. புகை போட்ட மீன் ஐரோப்பாக்காரங்க சமாச்சாரம்னு நினைச்சிட்டிருந்த எனக்கு அப்பதான் உறைச்சது.

சாயங்காலம் ரொட்டியை மெல்லிசா அறுத்து, வெண்ணெய் தடவி, மீனை உதிர்த்து வைச்சு, எலுமிச்சை பிழிஞ்சு மிளகு தூவிக் கொடுத்தேன். ஐரிஷ் அம்மா ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு, அவங்க பாட்டி இதை இரும்புப் பானையில போட்டு, மூடி மேலே கங்கு வைச்சு சுடுவாங்கன்னாங்க. "எங்க ஊர் தம் அது"ன்னேன். எங்க ஊர்! தங்கமணி சிரிச்சாங்க.

அதுவரை வெளியே வராத அம்மா ஒரு கிண்ணத்தோட வந்தாங்க. மாசிச் சம்பல். கையில மீதி மாசித்துண்டு. ஐரிஷ் அம்மா அதை வாங்கி, மரக்கட்டைன்னு நினைச்சுத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்ததும் கண்ணை விரிச்சாங்க. அம்மா சம்பலை ரொட்டியில தடவி நீட்டினாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடையாது.

மாப்பிள்ளையோட அம்மா நேரா பேசலை. என்கிட்ட மட்டும், "அந்தப் பையனுக்கு ஒரு துண்டு போதுமால? இன்னொண்ணு வையி"ன்னாங்க. வைச்சேன்.

ராத்திரி பாத்திரம் கழுவறப்ப தங்கச்சி பக்கத்துல வந்து நின்னா. "ரொட்டி நல்லா வந்திருக்குண்ணே"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "இந்தத் தடவை லீவு கிடைச்சிருச்சா?"

குழாயை மூடிட்டு, நான் லீவே கேட்கலைங்கறதைச் சொன்னேன்.

"தெரியும்"னா. கழுவின தட்டை வாங்கித் துடைக்க ஆரம்பிச்சா.