எந்த ஹார்டு டிஸ்க் சாகாது?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஹார்டு டிஸ்க் பற்றி என்ன தெரியும் என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கம்ப்யூட்டர் பதிவு இல்லை, கணக்குப் பதிவு. பயப்படாமல் படிக்கலாம் :-)

"எந்த கம்பெனி ஹார்டு டிஸ்க் நல்லது?" என்று நம்ம கிளாஸில் கேட்டால் எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும். "அந்த கம்பெனி பக்கமே போகாதே, எங்க அண்ணனோடது ஒரே வருஷத்துல போச்சு" என்பான் ஒருத்தன். "சும்மா சொல்லாத, அதே கம்பெனிதான் எங்க வீட்ல ஏழு வருஷமா ஓடுது" என்பாள் இன்னொருத்தி. ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ரெண்டு பேரிடமும் இருப்பது ஆளுக்கு ஒரே ஒரு டிஸ்க். அதை வைத்து கம்பெனியை எடை போடுவது, கடன் வாங்கி ஏமாற்றிய ஒரு ஆளை வைத்து அவன் ஊரையே எடை போடுகிற மாதிரிதான்.

இணையக் கடைகளில் வரும் விமர்சனங்களும் அப்படியே. டிஸ்க் செத்தவன் கோபமாக எழுதுவான். ஒழுங்காக ஓடுகிறவன் எதற்கு எழுதப்போகிறான்? ஒரு கம்பெனி மேல் 100 புகார், இன்னொன்றின் மேல் 10 புகார். இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். முதல் கம்பெனி 1 லட்சம் டிஸ்க்கும் இரண்டாவது 1,000 டிஸ்க்கும் விற்றிருந்தால்? முதலாவது 0.1 சதவீதம், இரண்டாவது 1 சதவீதம். கணக்கு அப்படியே தலைகீழ்! பின்னத்தில் தொகுதி மட்டும் தெரிந்து பகுதி தெரியாவிட்டால் வரும் வினை இது.

எனக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்பட்டதற்குக் காரணம் எங்க மாமா. ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லாவற்றையும் எடுத்து, டிஸ்க் நிறைந்ததும் மேலே ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதி பீரோவில் வைத்துவிடுவார். இப்போது 12 டிஸ்க் சேர்ந்திருக்கிறது. போன் பண்ணினார். "மாப்ள, நீதான் நெட்ல எல்லாம் பாப்பியே. சாகாத டிஸ்க்கா ஒண்ணு சொல்லு, காசு கூட ஆனாலும் பரவால்ல."

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டிஸ்க் தயாரிக்கிறவர்கள் விவரத்தாளில் "எம்டிபிஎஃப் 10 லட்சம் மணி நேரம்" என்று போடுவார்கள். இரண்டு பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் என்று அர்த்தம். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 114 வருஷம் வரும். நம்ம பேரன் காலம் வரைக்கும் ஓடும் போலிருக்கே என்று சந்தோஷப்பட வேண்டாம். 25 வயதுக்காரர்கள் 1,000 பேரில் வருஷத்துக்கு ஒருத்தர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி வகுத்தால் அவர்களின் சராசரி ஆயுள் 1,000 வருஷம்! அந்த வயதில் சாவு குறைவு என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். யாரும் 1,000 வருஷம் இருக்கப்போவதில்லை. அதே மாதிரி 10 லட்சம் மணி நேரம் என்பதைத் திருப்பிப் போட்டால், நூறு டிஸ்க் ஓடும் இடத்தில் வருஷத்துக்கு 0.88 டிஸ்க் சாகும் என்று அர்த்தம். அதுவும் கம்பெனி சொல்கிற கணக்கு.

நிஜத்தில் எவ்வளவு? 2007-இல் ஒரே மாநாட்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் செய்தது. பெரிய பெரிய கணினி மையங்களில் ஓடிய சுமார் 1 லட்சம் டிஸ்க்குகளைப் பார்த்தார்கள். வருஷத்துக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சகஜமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. இன்னொரு விஷயம், விலை கூடிய ஸ்கஸி, ஃபைபர் சேனல் வகைகளுக்கும் சாதா சாட்டா வகைக்கும் மாற்றும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "காசு கூட ஆனாலும் பரவால்ல" என்ற மாமாவின் பாதி நம்பிக்கை இங்கேயே காலி.

இரண்டாவது ஆய்வு கூகுளுடையது. அதுவும் 1 லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க். டிஸ்க்குக்குள்ளேயே உடம்பைச் சோதித்துச் சொல்லும் 'ஸ்மார்ட்' என்ற வசதி இருக்கிறது. படிக்கும்போது முதல் ஸ்கேன் பிழை வந்துவிட்டால், அந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றதைவிட 39 மடங்கு. ஆகவே எச்சரிக்கை வந்தால் உடனே காபி எடுத்துவிட வேண்டும். ஆனால் எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக நிம்மதியாகவும் இருக்க முடியாது. செத்துப்போனவற்றில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டாமலே போயிருந்தன. நேற்றுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார் என்கிற கதைதான்.

இந்த இரண்டிலுமே எந்த கம்பெனி என்று பேர் சொல்லவில்லை. பேர் சொல்லித் துணிந்து போட்டது அமெரிக்காவின் பேக்பிளேஸ் என்ற நிறுவனம். காசு வாங்கிக்கொண்டு நம் கோப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பது அவர்கள் தொழில். 2013-இலிருந்து ஒவ்வொரு நாளும் எந்த மாடலில் எத்தனை ஓடியது, எத்தனை செத்தது என்று குறித்து வைத்து எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். 2024-இல் அவர்களிடம் ஓடியது சுமார் 3 லட்சம் டிஸ்க். அந்த வருஷத்து மொத்த சாவு விகிதம் 1.57 சதவீதம். அதற்கு முந்தைய 2023-இல் 1.70, 2022-இல் 1.37.

இதில் தனித்தனி மாடலாகப் பார்த்தால்தான் சுவாரஸ்யம். சீகேட்டின் 3 டெராபைட் மாடல் ஒன்று, எஸ்டி3000டிஎம்001. 2012-இல் பேக்பிளேஸ் அதில் 4,190 டிஸ்க்கை ஓட விட்டது. 2015 மார்ச் முடிவில் வேலையில் மிச்சம் இருந்தது 251. (எல்லாமே செத்தவை இல்லை, ஆபத்து என்று முன்கூட்டியே கழற்றியவையும் உண்டு.) 2016-இல் அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று குதிக்காதீர்கள். அதே சீகேட்டின் 4 டெராபைட் மாடல் அதே நிறுவனத்தில் ஆயிரக்கணக்கில் வருஷக்கணக்காக ஓடியது. அதன் விகிதம் 3 சதவீதத்தை ஒட்டியேதான் இருந்தது.

தலைகீழ்க் கதையும் உண்டு. 2000-இல் ஐபிஎம் வெளியிட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி அவ்வளவு பேருக்குக் கழுத்தறுத்ததால் அதற்கு 'டெத்ஸ்டார்' என்றே பட்டப்பெயர் வந்தது. 2001-இல் வழக்கு. 2002-இல் ஐபிஎம் டிஸ்க் தொழிலையே ஹிட்டாச்சிக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. பத்து வருஷம் கழித்து பேக்பிளேஸ் பட்டியலில் மிகக் குறைவாகச் செத்தவை எது தெரியுமா? அதே ஹிட்டாச்சியின் டெஸ்க்ஸ்டார்! பெயர் அதே, வம்சம் அதே, விதி வேறு. 2012-இல் அந்தத் தொழிலையும் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிவிட்டது. சாம்சங்கின் டிஸ்க் பிரிவு அதற்கு முந்தைய வருஷமே சீகேட்டிடம் போயிருந்தது. இன்றைக்கு ஹார்டு டிஸ்க் செய்கிறவர்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே பேர். ஆக, நாம் ஒப்பிட வேண்டியது மாடலை. கம்பெனிப் பெயரை வைத்து ஒப்பிட்டுப் பிரயோஜனம் குறைவு.

அப்படியானால் நல்ல மாடலாகப் பார்த்து வாங்கிவிடலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். ஒரு மாடல் ஐந்து வருஷம் தாங்குமா என்று தெரிய ஐந்து வருஷம் ஆகும். தெரிவதற்குள் அது கடையில் இருக்காது. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் மூச்சு விடாமல் படிப்பார்களே, அது இங்கேயும் பொருந்தும். தவிர, பேக்பிளேஸ் டிஸ்க்குகள் குளிரூட்டிய அறையில் 24 மணி நேரமும் நின்ற இடத்தில் ஓடுபவை. மாமாவின் டிஸ்க்குகள் பைக் பெட்டியில் மண்டபத்துக்குப் போய் வருபவை. உள்ளே தட்டு சுற்றும்போது அதைப் படிக்கும் முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மேஜை மாதிரி டிஸ்க் ஒன்றில், நிமிஷத்துக்கு 7,200 சுற்று என்றால் தட்டின் ஓரம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஓடும்போது ஒரு தட்டு தட்டினால் எந்தப் பட்டியலும் காப்பாற்றாது.

இப்போது மாமாவின் பீரோவுக்கு ஒரு கணக்கு. ஒரு டிஸ்க்குக்கு வருஷத்துக்கு 1.5 சதவீதம் என்றே, தாராளமாக, வைத்துக்கொள்வோம். ஒரு டிஸ்க் தப்பிக்க 98.5 சதவீத வாய்ப்பு. பன்னிரண்டும் தப்பிக்க 0.985-ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும். விடை 83.4 சதவீதம். அதாவது இந்த ஒரு வருஷத்தில் ஏதோ ஒரு டிஸ்க் சாக ஆறில் ஒரு வாய்ப்பு. ஐந்து வருஷத்துக்குப் போட்டால் 60 சதவீதம். 1.5 என்று சின்னதாகத் தெரிந்த எண் இங்கே எவ்வளவு பெரிதாகிறது பாருங்கள்!

இது வெறும் பெருக்கல் விளையாட்டும் இல்லை. மாமாவிடம் முன்பு ஒரு டிஸ்க் செத்திருக்கிறது. கம்பெனி பேர் வேண்டாம், உத்தரவாதக் காலத்துக்குள்தான் போனது, புதுசாக ஒன்று கொடுத்தும்விட்டார்கள். நல்ல கம்பெனிதான். ஆனால் வந்த டிஸ்க் காலி. உத்தரவாதம் பெட்டிக்குத்தானே தவிர உள்ளே இருந்ததற்கு இல்லை. ஆல்பங்கள் எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால் மாமாவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாசம் கழித்து ஒரு அக்கா வந்தார். அவர் அப்பா தவறிவிட்டார். கல்யாண வீடியோவில் அப்பா தாரை வார்த்துக் கொடுக்கும்போது ஏதோ சொல்லிச் சிரிப்பார், எடிட் பண்ணினதில் அங்கே பாட்டு போட்டுவிட்டீர்கள், பாட்டு இல்லாத ஒரிஜினல் இருக்கிறதா, அவர் குரல் வேண்டும் என்று கேட்டார். அது அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. மீட்டுத் தருகிறவர்களிடம் கொண்டுபோனார் மாமா. டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு கேட்டார்கள், கட்டினார், வரவில்லை.

அந்த அக்காவுக்கு சாவு விகிதம் 1.5 சதவீதமா? அவரைப் பொறுத்தவரை அது 100.

நம்ம பாடத்தில் வாரா ஐயக்கடன் ஒதுக்கு படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கடனாளிகளில் 5 சதவீதம் வராது என்று முதலிலேயே ஒதுக்கி வைக்கிறோம். யார் தரமாட்டார் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நூறு கடனாளி இருப்பதால் அந்தக் கணக்கு வேலை செய்கிறது. ஒரே ஒரு கடனாளியை வைத்துக்கொண்டு 5 சதவீதம் ஒதுக்கி என்ன பிரயோஜனம்? வந்தால் முழுசாக வரும், போனால் முழுசாகப் போகும். பேக்பிளேஸ் மாதிரி ஆட்களுக்கு விகிதம் உபயோகம், ஏனென்றால் ஒன்று போனாலும் அதிலிருந்தது இன்னொரு இடத்தில் இருக்கிறது. அவர்களுக்கு டிஸ்க் சாவது ஒரு செலவு, அவ்வளவுதான். நமக்கும் அதை வெறும் செலவாக மாற்றிக்கொள்வதுதான் ஒரே வழி. அதற்கு ரெண்டாவது பிரதி வேண்டும்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே வருஷத்தில் சாக வாய்ப்பு 1.5-இன் 1.5 சதவீதம். சுமார் 4,400-இல் ஒன்று. முதலாவது செத்த உடனே புதுசு வாங்கி நகல் எடுத்துவிட்டால் இன்னும் குறைவு. ஆனால் இந்தப் பெருக்கல் சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு. ரெண்டும் ஒரே காரணத்தால் சாகக்கூடாது. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய ரெண்டு, ஒரே பீரோவில் இருக்கும் ரெண்டு என்றால், அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒருத்தர் மேல் ஒருத்தரை ஜாமீன் போட்டுக் கடன் கொடுத்த மாதிரிதான். மழைத் தண்ணீர் புகுந்தாலோ திருடன் வந்தாலோ ரெண்டும் சேர்ந்தே போகும்.

மாமாவிடம் இதைத்தான் சொன்னேன். "சாகாத டிஸ்க்னு ஒண்ணு இல்ல மாமா. விலை கூடின ஒண்ணுக்குப் பதிலா சாதாரணமா ரெண்டு வாங்குங்க. வேற வேற கம்பெனி. ஒண்ணு ஸ்டூடியோல, ஒண்ணு பாட்டி வீட்டு அலமாரில. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் மாட்டித் திறந்து பாருங்க."

"ரெட்டைச் செலவுல்ல மாப்ள?"

டிஸ்க் 9,000 ரூபாய், அதில் 15 கல்யாணம் பிடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கல்யாணத்துக்கு 600 ரூபாய். தாம்பூலப் பை செலவுகூட வராது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பில்லில் தனி வரியாகவே போட்டுவிடலாம் என்றார். அடுத்த முகூர்த்தத்திலிருந்து போடுகிறார். ஐந்து வருஷம் பத்திரமாக வைத்திருப்போம் என்று அச்சடித்து. ஒரு பார்ட்டிகூட அந்த வரியைப் பேரம் பேசவில்லையாம்.

உங்களிடமும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கிற கோப்பு ஒன்று இருக்கும். எது என்று யோசித்துப் பாருங்கள். அதை இன்னொரு இடத்தில் போட்டுவிட்டு, எந்த கம்பெனி என்ற சண்டையைப் பின்னூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பி.கு: "நான் எஸ்எஸ்டி, எனக்கென்ன?" என்று சிரிப்பவர்களுக்கு. அதுவும் சாகும். சத்தம்கூடப் போடாது :-)